கட்டிலுக்கு அடியில் கரும்புக்காடு

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்தின் உண்மையான கூத்தெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான் நடக்கிறது. பிள்ளைகள் தூங்கியாயிற்றா என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, நானும் அவர்கள் அப்பாவும் பூனை நடை நடந்து வேலையை ஆரம்பிப்போம். சரவணம்பட்டியில், சத்தி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஐ.டி. கம்பெனி வேன்கள் விடிய விடிய ஓடும் தெருவில் மூன்றாம் மாடி. வாங்க, இன்றைக்கு உங்களுக்கு மட்டும் திரையை விலக்கிக் காட்டுகிறேன்!

கார்த்திகை பிறந்த சமயம். லிஃப்டுக்குள் நுழையாத ஒரு கட்டு கரும்பை மாடிப்படி வழியாகவே தூக்கி வந்தோம். இரண்டாம் மாடி அக்கா கதவைத் திறந்து, "ஏனுங்க, பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குது, இப்பவே கரும்பா?" என்றார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்கு அது போதும். எங்கள் மாடிப்படியில் ஏதாவது வினோதமாக ஏறினால் பாடம் மாறப்போகிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவரும் ஏறினார்.

கரும்பு கட்டிலுக்கு அடியில் போனது. பழைய சேலையால் அதை மூடினோம். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை, பனங்கற்கண்டு நான்கையும் பெயர் ஒட்டாத டப்பாக்களில் நிரப்பினேன். தராசு, தெர்மாமீட்டர், அடிக்கோல், செம்மண் நிரப்பிய பூந்தொட்டிகள் எல்லாம் பால்கனியில் தயார். கூடத்துச் சுவரில் ஆளுயரக் காகிதம் ஒட்டி, நடுவில் ஒரே ஒரு கரும்பை வரைந்தார் அவர்கள் அப்பா. சுற்றிலும் வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் எங்கள் பாடத்திட்டம்.

ஒரு மாதத்துக்கு ஒரு பொருள். கணக்கு, அறிவியல், வரலாறு, தமிழ் எல்லாமே அந்தப் பொருளின் வழியாக வரும், முடிந்தவரை கை வழியாக வரும். பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் கறாராகப் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்று உண்டு. ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சோற்றுக்குத் திரும்பிவிடும் தூரத்தில் அது இருக்க வேண்டும். டைனோசர் மாதம், துருவக்கரடி மாதம் என்று எவ்வளவோ அழகழகான அச்சுத்தாள்கள் கிடைக்கின்றன. எனக்கு அவற்றின் மேல் பகையில்லை. ஆனால் துருவக்கரடியைக் கடித்துப் பார்க்க முடியாது. அதை வளர்க்கிறவரிடம் போய், "இது ஏனுங்க இப்படி?" என்று கேட்கவும் முடியாது. கூட்டல் கணக்குத் தாளின் மூலையில் ஒரு கரடிப் படத்தை அச்சடித்துவிட்டால் அது கரடிப் பாடம் ஆகிவிடாது. பொருளே கணக்கைக் கேட்க வேண்டும். அப்போதுதான் குழந்தை பென்சிலைத் தானாகத் தேடும்.

விடிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தோகையைச் சின்னவன்தான் முதலில் பார்த்தான். அடுத்த அரை மணி நேரம் வீடு வீடாக இல்லை! சக்கை, சிரிப்பு, ஒட்டும் கைகள். யாருடைய துண்டில் கணு அதிகம் என்று ஒரு சண்டை. அந்தச் சண்டையைத் தீர்க்க அடிக்கோல் வந்தது, அளந்து எழுத நோட்டு வந்தது. அடிப்பக்கம் கணுக்கள் நெருக்கமாகவும் மேலே போகப் போக இடைவெளி மாறியும் இருப்பதைப் பெரியவள் வரைபடமாகப் போட்டாள். பத்து வயதுக்காரி, யாரும் சொல்லாமல். நானும் அவரும் அடுப்படியில் நின்று கண்ணாலேயே குதித்துக்கொண்டோம்.

பிறகு சின்னவன் சுவர்க் காகிதத்தில் கோணல் மாணலாக ஒரு கேள்வி எழுதினான்: "கரும்புக்கு வெதை எங்க?"

இந்த ஒரு கேள்விக்காகவே கரும்பைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லலாம். ஏனென்றால் இதற்குப் பதில் எங்கள் ஊரிலேயே, வீரகேரளம் பக்கம், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கப்பட்டது. அன்றைக்கு இந்தியா ஜாவாத் தீவிலிருந்து சர்க்கரையை வாங்கிக்கொண்டிருந்தது. வடநாட்டில் விளைந்த நம் கரும்பு குச்சி மாதிரி மெலிந்தது. தடித்த வெளிநாட்டுக் கரும்போ அங்கத்திய குளிரையும் வறட்சியையும் தாங்காது. இரண்டையும் கலந்து புது ரகம் உண்டாக்கலாம் என்றால், கலப்பதற்குப் பூ வேண்டும். பெரும்பாலான இடங்களில் கரும்பு லேசில் பூப்பதில்லை. எங்கள் கோயம்புத்தூரில் பூக்கிறது! இந்த அட்சரேகையும் இந்தத் தட்பவெப்பமும் கரும்புக்கு அப்படிப் பிடித்துப்போயிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளி நிறத்தில், இறகுக் கொத்தாய் உச்சியில் விரியும். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் விஞ்ஞானிகள் இன்றும் பூப்பருவத்தில் கலப்பு செய்ய இங்கேதான் வருகிறார்கள்.

இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லவில்லை. அன்னூர் பக்கம் தெரிந்த ஒருவர் தோட்டத்தில் கரும்பு பூத்திருந்தது. இட்டாரி வழியாக நடந்து போய் அண்ணாந்து பார்த்தோம். சின்னவனை அப்பா தோளில் ஏற்றிக்கொண்டார். ஒரு கொத்தை வளைத்து உள்ளங்கையில் தட்டியதும் பஞ்சு பஞ்சாக ஏதோ உதிர்ந்தது. அந்தப் பஞ்சுக்குள்தான் விதை, பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாத அளவுக்குப் பொடிசு. "இத்தனை வெதை இருக்கறப்ப எதுக்குங்க கரணை வெச்சு நடறீங்க?" என்று பெரியவள் தோட்டக்காரரிடமே கேட்டாள். "வெதை போட்டா ஒவ்வொண்ணும் ஒரு தினுசா வருங் கண்ணு. கரணை வெச்சாத்தான் தாய் மாதிரியே வரும்" என்றார் அவர். கரணை என்றால் கணுவோடு வெட்டிய கரும்புத் துண்டு. மரபியலின் முதல் அத்தியாயம் வரப்பிலேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நாடகம் போட்டோம். சி.ஏ. பார்பர் தொடங்கிய வேலையைத் தொடர்ந்து நடத்திய டி.எஸ். வெங்கட்ராமனாகச் சின்னவன். மூக்குக்கண்ணாடி அப்பாவுடையது. கிரேப் காகிதத்தில் இரண்டு பூங்கொத்து செய்து, மஞ்சள் பொடியை மகரந்தமாக்கி, தூரிகையால் எடுத்துத் தடவி, மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டினான். அப்பா பூ, 'வெள்ளை' என்று பெயர் பெற்ற தடித்த கரும்பு ரகமா, இல்லை கோயம்புத்தூரின் காட்டுக் கரும்பா என்று வாக்குவாதம். எழுதி வைத்திருந்ததைப் புரட்டிப் பார்த்தோம். வெள்ளைதான் தாய், ஓடையோரத்தில் முளைக்கும் நாணல் இனத்துக் காட்டுக் கரும்புதான் தந்தை. அந்த இரண்டின் பிள்ளைதான் 1918இல் பஞ்சாபுக்குப் போன கோ 205. 'கோ' என்பது கோயம்புத்தூர்! எங்கள் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு ரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாடு முழுக்கப் போயிருக்கின்றன. இன்று தமிழ்நாட்டு வயல்களில் பரவலாக நிற்கும் கோ 86032 வரைக்கும் அந்தக் கணக்கு நீள்கிறது. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஓடைக்கரைப் புல் ஒன்று தேசத்துக்கே இனிப்பு கொடுத்தது என்று தெரிந்த நாளிலிருந்து, எங்கள் பிள்ளைகள் ரோட்டோரப் புல் எதையும் சும்மா தாண்டிப் போவதில்லை. அரை கிலோமீட்டர் நடக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டுமே!

பெரியவளுக்கு வேறொரு ஆளைப் பிடித்துவிட்டது. அவளுடைய அடுத்த கேள்வி, "கரும்பையும் மூங்கிலையும் கலந்தா என்ன ஆகும்?" பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்பது அவள் நியாயம். கேட்ட மாத்திரத்தில் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் 1930களில் அதே நிலையத்தில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். வெங்கட்ராமனின் கரும்பு–மூங்கில் கலப்புகளின் குரோமோசோம்களை எண்ணியவர் ஈ.கே. ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர், 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து ஆராய்ந்தவர். 1977இல் பத்மஸ்ரீ. பெரியவள் அன்று மாலை சேலை கட்டி, வட்டக் கண்ணாடி போட்டு, ஊதுபத்திக் குச்சிகளை ஒடித்து குரோமோசோம்களாக அடுக்கி, ஜோடி சேராதவற்றைத் தனியாக வைத்து எங்களுக்குப் பாடம் எடுத்தாள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டாம் மாடி அக்கா கைதட்டினார்.

இனி சமையலறை. இந்தக் காட்சிக்கு நான் வாரக்கணக்காகக் காத்திருந்தேன்.

வண்டிக்காரரிடம் எலுமிச்சையும் இஞ்சியும் ஐஸும் போடாமல் வாங்கி வந்த கரும்புச்சாறு. கரும்பாலையில் இதற்குக் கரும்புப்பால் என்று பெயர். முதலில் எடை. பிறகு அடுப்பு. பக்கத்துப் பர்னரில் வெறும் தண்ணீர். இரண்டுக்கும் தெர்மாமீட்டர். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆனால் முள் நூறைத் தொடவில்லை! 98க்கும் 99க்கும் நடுவிலேயே நின்றுவிட்டது. "தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு" என்று சின்னவன் அறிவித்தான். எதுவும் கெடவில்லை. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். சென்னையில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு, "உங்க வீட்டுத் தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்குது?" என்று கேட்டு, அவரையும் அடுப்பருகே நிற்க வைத்துவிட்டார்கள். ஊட்டியில் எத்தனை, எவரெஸ்ட் உச்சியில் எத்தனை என்று வகுத்தல் கணக்குகள் பறந்தன. வகுத்தல் என்றாலே முகத்தைச் சுளிப்பவன் சின்னவன்!

அதே நேரத்தில் கரும்புப்பால் வேறு கதை சொன்னது. நூறைத் தாண்டிற்று. பாகாகி நூற்றுப்பத்தையும் தாண்டிற்று. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிஞ்சியதில் இனிப்பு அடர்ந்து, கொதிநிலை ஏறிக்கொண்டே போகிறது. அழுக்கு எடுக்கக் கொஞ்சம் வெண்டைத் தண்டை நசுக்கிக் கரைத்து விட்டோம். கொழகொழப்பில் தூசு தும்பெல்லாம் சிக்கி நுரையாக மேலே வர, கரண்டியால் வழித்தெடுத்தாள் பெரியவள். ஆலைக்காரர்களின் பழைய உத்தி இது. வீடியோ அழைப்பில் மேற்பார்வை பார்த்த எங்கள் அப்பா, அதாவது பிள்ளைகளின் அப்புச்சி, தெர்மாமீட்டரை மதிக்கவே இல்லை. "ஒரு சொட்டைத் தண்ணியில உட்டு உருட்டிப் பாரு சாமி. உருண்டா எறக்கு" என்றார். உருண்டது! இறக்கினோம். அச்சில் ஊற்றி ஆறவைத்து எடை போட்டபோது, சாற்றின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் வெறும் ஆவியாகச் சமையலறைக் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

கரும்பைப் பார்த்தாயிற்று, பாகைப் பார்த்தாயிற்று. ஆலையைப் பார்க்காமல் விடலாமா? சத்தி ரோட்டில் கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், அங்கிருந்து கோபி, அதையும் தாண்டினால் கவுந்தப்பாடி. நாட்டுச் சர்க்கரைக்குப் பேர்போன ஊர். பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் நாட்டுச் சர்க்கரை இங்கிருந்துதான் கொள்முதலாகிறது. அந்தப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாதி வழியிலேயே காருக்குள் மணம் வந்துவிட்டது என்று சின்னவன் சாதித்தான். ஆலைக்கொட்டகையில் அண்டாவைவிட அகலமான கொப்பரை, கொதிக்கும் பாகு, துடுப்பு போட்டுக் கிளறும் அண்ணன்கள். அடுப்பில் எரிவது காய்ந்த கரும்புச் சக்கையே! கரும்பு தன்னைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. பெரியவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு வட்டம் வரைந்தாள்: வயல், ஆலை, சாறு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம், சாம்பல் மறுபடி வயலுக்கு.

கணக்கு அங்கேயே வந்து நின்றது. கவுந்தப்பாடி விற்பனைக்கூடத்தில் நாட்டுச் சர்க்கரை மூட்டைக்கு 60 கிலோ. ஏறத்தாழ பத்துக் கிலோ கரும்புக்கு ஒரு கிலோ வெல்லம் என்றால், ஒரு மூட்டைக்கு எவ்வளவு கரும்பு? கரும்பு வெட்டுக்கூலி, வண்டிக்கூலி, ஆலைக்கூலி போனால் மிஞ்சுவது எவ்வளவு? அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆலைக்காரர் பதில் சொன்னபோது பெரியவள் பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது, பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த விலையை அவள் வேறு மாதிரி படித்தாள். பொருளாதாரத்தை இதைவிட நேராக எனக்குச் சொல்லித்தரத் தெரியாது.

தமிழ் வகுப்பு கார் பின்சீட்டில் நடந்தது. அதியமானின் முன்னோர்கள்தான் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டு வந்தார்கள் என்று புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஒளவையார் சொல்கிறார் என்றேன். அதியமானின் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, எங்கே என்று வரைபடத்தில் தேடினார்கள். பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பு இனித்த கதையைச் சொன்னதும், "அது நம்ம கோ 205ஓட சொந்தக்காரங்களா?" என்று சின்னவன் கேட்டான். ஆமாம், நெருங்கிய ஒறம்பறைதான்! புராணமும் தாவரவியலும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பயணம் எனக்கு மறக்காது.

'இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம்தானே' என்று சிலர் கேட்கிறார்கள். இல்லவே இல்லை. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்ற எல்லாப் பாடங்களையும் அதைச் சுற்றி வளர்க்கலாம் என்று 1937இல் வார்தாவில் காந்தி சொன்னார், அதுதான் ஆதாரக் கல்வி. அவரே 1934இல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் எம்.பி. விஜயகுமார் முன்னின்று கொண்டுவந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளைத் தரையில் பரப்பிப் படித்த பிள்ளைகள் இப்போது வளர்ந்து வேலைக்கே போய்விட்டார்கள். கை வழியாகப் படிப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

இன்னும் சில திரைமறைவுச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன், ஆசைப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. இந்த ஆட்டத்துக்கு ஒரு பெரியவர் வீட்டில் முழுநேரமும் வேண்டும். அது எல்லார் வீட்டிலும் முடியாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் 14 வயது நிரம்பிய பிறகு தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். 1989இலிருந்து இருக்கும் வழி அது. வாய்ப்பாட்டையும் எழுத்துப்பிழை திருத்துவதையும் நாங்கள் கரும்போடு கட்டுவதில்லை. அதற்குத் தினமும் காலையில் தனி நேரம், வெறும் நோட்டு, வெறும் பென்சில். எல்லாவற்றையும் ஒரே பொருளுக்குள் திணித்தால் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள், பொருளின் மேல் இருக்கும் ஆசையும் போய்விடும். பொழுதோட பக்கத்துப் பிளாட் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கதவைத் திறந்தே வைத்துவிடுவோம். பால்கனித் தொட்டிகளில் கரணை நட்டது அவர்களும் சேர்ந்துதான். நுனிக் கரணை முன்னால் முளைக்குமா, அடிக்கரணை முளைக்குமா என்று பந்தயம் கட்டி, இரண்டு மூன்று வாரம் தினமும் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். நுனிக் கரணை ஜெயித்தது. பால்கனியில் அன்று எழுந்த கூச்சலைக் கேட்டுக் கீழே காவலாளி மேலே ஓடி வந்தார்!

பாகு சிந்திய இடத்தில் எறும்புகள் வந்தன. கூடத்திலிருந்து பால்கனி வரை ஒரே வரிசை. துடைக்கப் போன என்னைப் பெரியவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாட்டுச் சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை, பனங்கற்கண்டு என்று தனித்தனிக் குவியல் வைத்து, எதற்கு எறும்பு முதலில் போகிறது என்று நேரம் குறித்தார்கள். அடுத்த மாதத்தின் பொருளை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கும்போது எறும்பு மாதத்துக்கு என்ன குறை? காட்டிலாகா வளாகத்தில் இருக்கும், 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வந்தோம்.

இப்போது ரகசியம். கட்டிலுக்கு அடியில் இந்த வாரம் இருப்பவை: ஓடாத இரண்டு மிக்சி, ஒரு டேபிள் ஃபேன், பழைய டப்பா நிறைய ஸ்க்ரூடிரைவர்கள். மோட்டார் மாதம்! கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை நட்டு நட்டாகக் கழற்றி மறுபடி பூட்டிப் படித்த ஜி.டி. நாயுடுதான் கதாநாயகன். 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் கோயம்புத்தூரில் உருவானதில் அவர் பங்கு பெரிது. அவினாசி ரோட்டில் இருக்கும் அவருடைய அருங்காட்சியகம் கடைசி வாரத்துக்கு. முதல் நாள் புத்தகமே கிடையாது, ஆளுக்கொரு மிக்சி.

அப்புச்சிக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. ஊரில் தூசி படிந்து கிடக்கும் பழைய வெட் கிரைண்டரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாராம். போனில் ஒரே ஒரு நிபந்தனை: "கழட்டறது உங்க இஷ்டஞ் சாமி. மாட்டறப்ப நானும் அங்க இருக்கோணும். சனிக்கெழமை வாறேன்."